றாலு தலைய தூக்கி போடாதீங்க

போன சனிக்கெழம பூஞ்சாக் ஆலாம்ல இருக்குற தங்கச்சி மக வீட்டுக்கு போயிருந்தேன். கல்யாணமாகி ஆறு மாசம் தான் ஆகுது, பெரியம்மா வர்றேன்னு சொன்னதும் பாவம் காலையிலேயே மார்க்கெட்டுக்கு போயி ஒரு கிலோ றாலு வாங்கி உரிச்சி கழுவி ரெடியா வச்சிருந்திச்சி. நல்லா தான் உரிச்சிருந்திச்சி, ஒரு கொற சொல்ல முடியாது. கையில இருந்த டிஷ்யூவ போடலாம்னு குப்ப தொட்டிய தெறக்குறேன், உள்ளுக்கு அத்தன தலையும் கெடக்கு, ஆரஞ்சு கலர்ல கொழுப்பு வழிஞ்சிகிட்டு, மீச கூட ஒடியல. எனக்கு பக்குன்னு ஆயிருச்சி. அது கிட்ட அப்ப ஒன்னும் சொல்லல, ஆசையா சமைக்கிற புள்ள கிட்ட போயி என்னத்த சொல்றது, ஆனா வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அதே நெனப்பு தான், அதான் இன்னிக்கு உக்காந்து எழுதுறேன், அதுக்கும் லிங்க் அனுப்பிருவேன்.

நாங்க இருக்கறது மலேசியாவுல, சிலாங்கூர் பக்கம் பெஸ்தாரி ஜெயா. 2007ல பேர மாத்துனாங்க, ஆனா எங்கம்மா இன்னிக்கும் பத்தாங் பெர்ஜுந்தைன்னு தான் சொல்லுவாங்க. நான் சின்ன புள்ளையா இருந்தப்ப தாமான் வீடெல்லாம் இல்ல, தோட்டத்து லயம் தான், வரிசையா ஒட்டி கட்டுன வீடு. வாரத்துல ரெண்டு நாளு மீன்காரரு மோட்டர்ல வருவாரு, பின்னால பெரிய பொட்டி, ஐஸு உருகி செம்மண்ணு ரோட்டுல கோடு போட்ட மாதிரி சொட்டிகிட்டே வரும், ஓன் சத்தம் கேட்டா தட்டத் தூக்கிகிட்டு ஓடுவோம். எப்பவும் கெம்போங் மீனு தான் வாங்குவாங்க. றாலுன்னா சம்பளம் போட்ட வாரம் மட்டும் தான், அதுவும் கையில காசு குடுத்து இல்ல, அவரு சட்ட பையிலேர்ந்து 555ன்னு போட்ட சின்ன கடன் நோட்ட எடுத்து அம்மா பேருக்கு நேரா எழுதிக்குவாரு. ஒரு கட்டி வாங்குவாங்க, அப்பெல்லாம் எல்லாமே கட்டி கணக்கு, 600 கிராமுக்கு கொஞ்சம் கூட. வீட்டுல ஏழு பேரு. கணக்கு போட்டு பாருங்க, தலையும் ஓடும் போயிட்டா சதன்னு மிஞ்சறது 350 கிராம் இருந்தா பெரிய விஷயம், ஆளுக்கு நாலு துண்டு.

அதனால எங்கம்மாவுக்கு அது ஒரு கட்டி றாலு இல்ல, ரெண்டு கறி. சத தனியா பெரட்டல், தல தனியா கொழம்பு. பெரட்டல் மத்தியானம் ரப்பர் பால் வெட்டிட்டு வந்த கையோட, தல கொழம்பு ராத்திரிக்கு. எங்களுக்கெல்லாம் ராத்திரி கொழம்பு மேல தான் ஆச, அது தான் உண்ம. சோத்துல ஊத்துனா ஓரமா செவப்பா எண்ண நிக்கும், வெரல நக்கிகிட்டே சாப்புடுவோம்.

அம்மா றாலு ஆயிற அழகு இன்னும் கண்ணுலயே நிக்குது. பின்னால பைப்படியில சின்ன பலகைய போட்டு உக்காந்து, எடது பக்கம் ஒரு பேசன், வலது பக்கம் ரெண்டு மங்கு. றால எடுத்து மொதல்ல தலைக்கு மேல இருக்குற கொம்ப கிள்ளி எறிவாங்க, கையில குத்துறது அது தான். அப்பறம் தலைய சும்மா இழுக்க மாட்டாங்க, பெருவெரல கழுத்துக்கு கீழ குடுத்து லேசா ஒரு திருகு, தலையோட சேந்து அந்த கறுப்பு நரம்பும் பாதி வெளிய வந்துரும். ஓட்ட வயித்து பக்கத்துலேர்ந்து, கால் இருக்குற எடத்துலேர்ந்து பிரிச்சி ஒரே சுத்தா கழட்டுவாங்க. வால் முனைய விட்டுருவாங்க, புள்ளைங்க புடிச்சி சாப்புட. தல ஒரு மங்கு, சத ஒரு மங்கு. பூன ரெண்டு பக்கத்துல உக்காந்து பாத்துகிட்டே இருக்கும், அதுங்களுக்கு ஓடு மட்டும் தான் கெடைக்கும், தல கெடைக்காது.

இப்ப நான் எப்படி செய்றேன்னு சொல்றேன்.

வாங்குறது தான் பாதி சமையல். எனக்கு நேரம் இருந்தா கம்போங் குவாந்தான் வழியா கோல சிலாங்கூர் போயிருவேன், ஆமா அந்த மின்மினி பூச்சி பாக்க போற எடம் தான், அத தாண்டி போயி ஆத்துக்கு அந்த பக்கம் பாசிர் பெனாம்பாங், சீனவங்க மீனவ கிராமம், போட்டு வந்து எறங்குற எடத்துலயே வாங்கலாம். நேரம் இல்லன்னா நம்ம ஊரு மார்க்கெட்டு தான், அதுவும் மோசம் இல்ல, ஆனா கண்ண தெறந்து வாங்கணும். தலையும் ஒடம்பும் சேர்ற எடத்த பாருங்க, இறுக்கமா ஒட்டிகிட்டு இருந்தா நல்ல றாலு, தொட்டவுடனே தல ஆடுச்சின்னா, கழுத்துல எடவெளி தெரிஞ்சுச்சின்னா வேணாம். ஓடு பளபளன்னு இருக்கணும், தொட்டா வழவழன்னு பிசுபிசுக்க கூடாது. மோந்து பாக்க வெக்கப்படாதீங்க, கடல் வாசம் இருக்கலாம், மூக்குல ஏர்ற மூத்தர வாடை இருந்தா திருப்பி வச்சிட்டு வந்துருங்க. தலையில கொஞ்சம் கறுப்பு தட்டியிருந்தா நெறைய பேரு கெட்டு போச்சின்னு நெனச்சிக்குவாங்க, அது வெட்டி வச்ச ஆப்பிள் கறுத்து போகுதில்ல, அதே வேல தான், காத்து பட்டு கறுக்குது, கிருமி இல்ல. ஆனா புடிச்சி கொஞ்சம் நேரம் ஆயிருச்சின்னு அர்த்தம், வாடையும் இருந்தா அப்ப தான் பயப்படணும்.

ஐஸ் கட்டியா வர்ற றால மட்டமா நெனைக்காதீங்க. கடல்லயே ஐஸ் பண்ணது, மார்க்கெட்டுல காலையிலேர்ந்து வெயில்ல கெடக்குறத விட நல்லா இருக்கும். அத சுடுதண்ணியில மட்டும் போட்டு கரைக்காதீங்க, மேல வெந்து உள்ள கட்டியா இருக்கும். பிளாஸ்டிக் பையோட பச்ச தண்ணியில போட்டா அர மணி நேரத்துல சரியாயிரும், இல்லாட்டி மொத நாளு ராத்திரியே எடுத்து பிரிட்ஜ் கீழ் தட்டுல வச்சிருங்க.

நரம்ப பத்தி ஒரு வார்த்த. அது நரம்பு இல்ல, கொடலு, உள்ள இருக்கறது அது தின்ன மண்ணும் அழுக்கும். தின்னா செத்து போக மாட்டோம், ஆனா பல்லுல நறநறன்னு மண்ணு கடிபட்டா அத்தன ஒழைப்பும் வீணு. சின்ன றாலுல வெறும் வெள்ளையா இருந்தா நான் விட்டுருவேன். பெருசுல, முதுக கத்தியால லேசா கீறி எடுத்துருவேன். ஓட்டோட சமைக்கணும்னா பல்லு குச்சிய முதுகுல ரெண்டாவது மூணாவது ஓடு சேர்ற எடத்துல குத்தி மெதுவா மேல தூக்குங்க, நூல் மாதிரி முழுசா வந்துரும். அவசரப்பட்டா பாதியில அந்துரும்.

உரிச்ச பெறகு தண்ணியில ஊற போடாதீங்க, ருசியெல்லாம் தண்ணியில போயிரும். ஒரு சிட்டிக உப்பு, மஞ்ச தூளு போட்டு பெசறி ஒரே அலசு, வடிகட்டி, பிரிட்ஜுல வச்சிருங்க. எலுமிச்ச புழிஞ்சி ஊற வைக்கிறாங்க சில பேரு, வாடை போகும்னு, ரெண்டு நிமிஷம்னா சரி, அர மணி நேரம் வச்சா புளிப்புலயே சத வெளுத்து வெந்த மாதிரி ஆயிரும், அப்பறம் அடுப்புல போட்டா கெட்டியா போயிரும். சீனவங்க கடையில மொறுமொறுன்னு கடிபடுதே எப்படின்னு கேப்பாங்க, அது சோடா மாவு, அர கிலோவுக்கு அர டீஸ்பூன் போட்டு கால் மணி நேரம் வச்சி நல்லா கழுவிருவாங்க. மீ நூடுல்ஸுக்கு, வறுத்த சோத்துக்கு நல்லா தான் இருக்கு, நம்ம பெரட்டலுக்கு எனக்கு புடிக்கல, றாலோட இனிப்பு கொறைஞ்சிருது.

அடுப்பு. இதுல தான் நான் ஒரு தடவ நல்லா பட்டுருக்கேன். கல்யாணமான மொத தீபாவளிக்கு மாமனார் மாமியார் நாத்தனாருங்க எல்லாரும் வந்திருந்தாங்க, ரெண்டு கிலோ பெரிய றாலு, கோழிய வேக வைக்கிற மாதிரி மசாலாவுல போட்டு மூடி அர மணி நேரம் வேக வச்சேன், மசாலா நல்லா ஏறட்டும்னு தான். தட்டுல வச்சப்ப ஒவ்வொன்னும் சின்ன மோதரம் மாதிரி சுருண்டு போயி கெடக்கு, மென்னு மென்னு தாட வலிக்குது. மாமா ஒரு கொறையும் சொல்லாம சாப்புட்டாரு, கறி நல்லாருக்கும்மான்னு கூட சொன்னாரு, எனக்கு தான் தொண்டையில எறங்கல. அடுத்த நாளு அம்மா கிட்ட போயி அழுதேன். அம்மா கேட்டாங்க, "எவ்வளவு நேரம்டி வச்சே?" அர மணி நேரம்னேன். "மசாலாவுக்கு தாண்டி அர மணி நேரம், றாலுக்கு இல்ல"ன்னாங்க.

எல்லாமே அதுல அடங்கி போச்சி. மசாலாவ தனியா முழுசா முடிச்சிருங்க. குவாலியில எண்ண ஊத்தி, நான் செம்பன எண்ண தான், நாட்டுலேயே மொத மொதல்ல வியாபாரத்துக்குன்னு செம்பன நட்டது எங்க ஊரு பக்கத்துல தென்னமரம் எஸ்டேட்ல தான், 1917ல, பேர பாருங்க நம்ம தமிழு பேரு, எங்கம்மா கையும் அந்த மாதிரி தோட்டத்துல தான் காய்ச்சி போச்சி, அதனால வேற எண்ணைக்கு எனக்கு மனசு வராது. எண்ண காஞ்சதும் பட்ட, சோம்பு, கருவேப்பில, பொடியா அரிஞ்ச வெங்காயம் நெறைய, நெறையன்னா அர கிலோ றாலுக்கு நாலு பெரிய வெங்காயம், நல்லா செவக்க வதக்குங்க, பொறும வேணும், கால் மணி நேரம் கூட ஆகும். இஞ்சி பூண்டு, ரெண்டு தக்காளி, கறி தூளு மூணு ஸ்பூன், உப்பு. தக்காளி கரைஞ்சி, எண்ண தெளிஞ்சி ஓரமா பிரிஞ்சி நிக்கணும். அப்ப ருசி பாத்து உப்பு ஒறப்பு எல்லாம் சரி பண்ணிருங்க, ஏன்னா றாலு உள்ள போன பெறகு நேரம் கெடையாது.

இப்ப நெருப்ப கூட்டுங்க. றால கொட்டி பெரட்டுங்க. ரெண்டு நிமிஷம், நடுத்தர சைஸுக்கு மிஞ்சி போனா மூணு. கடிகாரத்த பாக்காதீங்க, றால பாருங்க, சாம்பல் கலரு போயி ஆரஞ்சா மாறும், கண்ணாடி மாதிரி இருந்த சத வெள்ளையா ஆகும், ஒடம்பு தமிழ் ப எழுத்த சாய்ச்சி போட்ட மாதிரி லேசா வளையும். அப்ப அடுப்ப அணைங்க. தலையும் வாலும் ஒன்ன ஒன்னு தொட்டு வட்டமா ஆயிருச்சின்னா நேரம் தாண்டிருச்சி. அணைச்ச பெறகும் சட்டி சூட்டுல கொஞ்சம் வேகும், அதனால கொஞ்சம் முன்னாடியே அணைச்சிட்டா கூட தப்பில்ல.

அந்த ஆரஞ்சு கலரு எங்கேர்ந்து வருதுன்னு என் மவன் ஒரு நாளு கேட்டான், தேடி படிச்சேன். அஸ்டாசாந்தின்னு ஒரு நெறம், பச்ச றாலுலயும் இருக்கு, ஆனா ஒரு புரதத்தோட ஒட்டிகிட்டு இருக்கறதால நீலம் சாம்பலா தெரியுது, சூடு பட்டா புரதம் புடிய விட்டுருது, நெறம் வெளிய வந்துருது. இதுல எனக்கு புடிச்ச விஷயம் என்னன்னா, அந்த நெறம் தண்ணியில கரையாது, எண்ணையில தான் கரையும். அம்மா தல கொழம்புல ஓரமா நின்ன அந்த செவப்பு எண்ண இது தான்.

இப்ப தலைக்கு வருவோம். மொதல்ல ஒன்னு, தல தான் மொதல்ல கெடும், உள்ள செரிமானம் பண்ற உறுப்பு இருக்கு, நாம கொழுப்புன்னு சொல்ற ஆரஞ்சு தான் அது, றாலு செத்த பெறகும் அது சும்மா இருக்காது, பக்கத்துல இருக்குற சதையையே கரைக்க ஆரம்பிச்சிரும். அதனால வாங்குன அன்னிக்கே சமைங்க, இல்ல உரிச்ச ஒடனே பையில போட்டு ஐஸ் பண்ணிருங்க. கண்ணு இருக்குற முன் பகுதிய கத்தரிக்கோல்ல சாய்வா வெட்டிருங்க, அதோட கண்ணுக்கு பின்னால ஒரு சின்ன கறுப்பு பை இருக்கும், மண்ணு அதுல தான், அதையும் எடுத்துருங்க. கழுவுறப்ப பைப்ப வேகமா தெறந்து விடாதீங்க, கொழுப்பெல்லாம் சிங்க்குல போயிரும்.

சட்டியில எண்ண காஞ்சதும் தல, ஓடு எல்லாத்தையும் போட்டு வறுங்க. அஞ்சு நிமிஷத்துல வீடே மணக்கும். அகப்பையால தலைய அழுத்தி அழுத்தி விடுங்க, கொழுப்பு எண்ணையில எறங்கணும், எண்ண செவந்து வரும். ரெண்டு வெங்காயம் வெட்டி போட்டு, தண்ணி ஊத்தி இருவது நிமிஷம் கொதிக்க விட்டு வடிகட்டிருங்க. அம்மா அந்த காலத்துல அம்மியில வச்சி நசுக்கி, வெள்ள துணியில புழிவாங்க, வேல ஜாஸ்தி, ஆனா அந்த கெட்டி இதுல வராது. வடிகட்டுன தண்ணியில கறி தூளு, புளி, கத்திரிக்கா, மாங்கா கெடச்சா ரெண்டு துண்டு, காய் வெந்ததும் கடைசியா தேங்கா பாலு, கொதி வந்ததும் எறக்கிருங்க. அவ்வளவு தான். கறியே இல்லாத கறின்னு பக்கத்து லயத்து அக்கா சொல்லுவாங்க, ஆனா கிண்ணத்த நீட்டிகிட்டு மொதல்ல வர்றதும் அவங்க தான். பினாங்கு பக்கம் றாலு மீ சாப்புட்டவங்களுக்கு தெரியும், அந்த சூப்போட உயிரே இந்த தலையும் ஓடும் தான்.

ஆத்து றாலு, ஊடாங் காலா, அது வேற கத. எங்க வீட்டுக்காரரு சிலாங்கூர் ஆத்துல தூண்டி போடுவாரு, நீல கலர்ல நீளமா ரெண்டு கையி, தல தான் பாதி ஒடம்பு. அத புடிச்ச ஒடனே ஐஸ் பொட்டியில போடணும், இல்லன்னா தலையில இருக்கறது சதைய கரைச்சி வீட்டுக்கு வர்றதுக்குள்ள மாவு மாதிரி ஆக்கிரும், கடல் றால விட இதுல அந்த தொல்ல ஜாஸ்தி. அத மசாலாவுல போட்டு வீணாக்காதீங்க, ரெண்டா பொளந்து, உப்பு மட்டும் தடவி, கரியில ஓட்டு பக்கம் கீழ இருக்குற மாதிரி சுட்டு, அந்த கொழுப்ப சுடு சோத்துல வழிச்சி போட்டு பெசஞ்சி சாப்புடணும். இன்னிக்கு இத கொளத்துல வளக்குறாங்கன்னா அதுக்கு நம்ம நாட்டுல நடந்த ஆராய்ச்சி தான் காரணம். பெரிய றாலு ஆத்து தண்ணியில வாழும், ஆனா குஞ்சு மட்டும் எவ்வளவு பாத்துகிட்டாலும் செத்து செத்து போச்சாம், 1960களோட ஆரம்பத்துல பினாங்குல ஷாவ் வென் லிங்னு ஒரு விஞ்ஞானி தான் குஞ்சுக்கு கொஞ்சம் உப்பு தண்ணி வேணும்னு கண்டுபுடிச்சாரு. ஆறு கடல்ல சேர்ற எடத்துக்கு தாய் றாலு ஏன் எறங்கி போகுதுன்னு அப்ப தான் வெளங்குச்சி.

ஒன்னு மறக்காம சொல்லிர்றேன், வெளையாட்டு இல்ல. வீட்டுக்கு ஆளு வந்தா றாலு ஒத்துக்குமான்னு கேட்டுட்டு சமைங்க. என் நாத்தனாரு மவன் ஏழு வயசுல ஒரு துண்டு தான் சாப்புட்டான், பத்து நிமிஷத்துல ஒதடு வீங்கி, ஒடம்பெல்லாம் தடிச்சி, மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சி, காடியில தூக்கி போட்டுகிட்டு ஓடுனோம். நல்லா வேக வச்சா ஒன்னும் பண்ணாதுன்னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க, ஒவ்வாமைய உண்டாக்குற புரதம் வேக வச்சாலும் அழியாது. பெலாச்சானும் கூனி றாலுல செஞ்சது தான், சம்பால்ல கொஞ்சம் தானே போட்டேன்னு நெனைக்க கூடாது. அவன் வர்ற அன்னிக்கு எங்க வீட்டுல றாலு கறிக்கு போடுற அகப்பைய கூட தனியா எடுத்து வச்சிருவேன்.

தங்கச்சி மக கிட்ட பெறகு போன்ல தலைய பத்தி லேசா சொல்லிட்டேன், நேத்து ராத்திரி அது கூப்புட்டுச்சி, பெரியம்மா தலைய ஐஸ் பண்ணி வச்சிருக்கேன், எத்தன நாளு தாங்கும்னு. ஒரு மாசம் தாங்கும், ஆனா அவ்வளவு நாளு ஏன் வைக்கணும், ஞாயித்துக்கெழம கத்திரிக்கா வாங்கிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கேன். வடிகட்டுன சக்கைய குப்ப தொட்டியில போடாத, நாறும், கருவேப்பில மரத்துக்கு கீழ ஒரு முழம் தோண்டி பொதச்சி, பூன பறிக்காம இருக்க மேல ஒரு ஒடஞ்ச ஓட்ட வச்சிருன்னும் சொன்னேன். எங்க வீட்டு மரத்துக்கு நான் அதான் போடுறேன், எல கருகருன்னு இருக்கு.